ஒக்டோபர் 30: விடுபட்ட வினா

'இன்றைய நாளில்' என்று தினமும் பொது அறிவு வினாக்கள் கேட்கிறார்கள். ஒக்டோபர் 30க்குரியவை எளியவை. 1938இல் அமெரிக்கரைக் கலங்கடித்த வானொலி நாடகத்தை நடத்தியவர் யார்? ஓர்சன் வெல்ஸ். 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியவர் யார்? முஹம்மது அலி.

புத்தளக் கரையில் வாழும் நான் இன்னுமொரு வினாவைச் சேர்க்கிறேன். 1990இல் அதே நாளில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் எவ்வளவு? இரண்டு மணித்தியாலம்.

அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்ப் பக்கத்தார் பலர் கடல்வழியே கற்பிட்டியில் வந்திறங்கினர். பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். பிள்ளைகளே, மணிக்கணக்கு மட்டும் முழு விடையாகாது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எதை எடுத்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்று வாப்பும்மாவிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.