கொரில்லாக் குடும்பத்துடன் ஒரு மணித்தியாலம்



எங்கள் வகுப்புத் தோழிகள் ஏழு பேர் உகண்டாவின் புவிண்டிக் காட்டுக்குப் போய்வந்த கதையைச் சொல்லும்படி சங்கத்தினர் கேட்டார்கள். மலைக் கொரில்லாக்கள் இன்று உலகில் ஆயிரத்துக்குச் சற்றே கூட. அவற்றில் ஏறக்குறையப் பாதி அங்கேதான். மிருகக்காட்சிச்சாலைகளில் இல்லை. பார்க்க வேண்டுமாயின் மலையேறத்தான் வேண்டும்.

ஒரு குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேரே காணலாம், அதுவும் ஒரு மணித்தியாலம். புறப்படுமுன் வழிகாட்டி கேட்டார்: "யாருக்காவது தடிமன், இருமல் உண்டா?" எங்கள் தடிமன் தொற்றினால் அவை செத்தும் போகலாம். எங்களில் ஒருத்தி கையை உயர்த்தினாள். 800 டொலர் அனுமதிச்சீட்டு! மறைத்திருக்கலாம். அவள் விடுதியிலேயே நின்றுவிட்டாள்.

இரவு படுத்த இலைப்படுக்கைகளிலிருந்து தடம் பிடித்துத்தான் தேடுகிறார்கள். முதுகு நரைத்த தலைவன் எங்களைக் கணக்கில் எடுக்காமல் இலை தின்றுகொண்டிருந்தான். குட்டியொன்று அவன்மேல் ஏறிச் சறுக்கியது. முகக்கவசத்துக்குள் நாங்கள் மூச்சுவிடவும் அஞ்சினோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1991இல் அது தேசியப் பூங்காவானபோது, தலைமுறைகளாக அக்காட்டை நம்பி வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோருக்குக் காணி கிடைக்கவில்லை. அந்த இழப்பை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அவர்கள் பின்னிய கூடைகளை வாங்கினோம்; அதனால் கணக்குத் தீராது.

போக விரும்புவோருக்கு: பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதியில்லை, மேலே எல்லையில்லை. முழங்கால் நோவென்று தயங்காதீர்கள். பொதி சுமக்க, கைபிடித்து ஏற்றிவிட ஊரவர்கள் நிற்பார்கள். ஆளுக்கொருவரை அமர்த்துங்கள், அதுதான் அவர்களின் உழைப்பு.