பாட்டு ஒரு வாக்குமூலமா?



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் 'ஹிப் ஹாப்' இசையைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்விசை பிறந்த கதையை அறிந்தால் அவ்வையம் நீங்கும். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில், சிண்டி கேம்பல் என்னும் இளம்பெண் ஒரு நடன விருந்து நடத்தினார். பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதே அதன் நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அவருடைய தமையனார் கிளைவ், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர், 'கூல் ஹெர்க்' என்னும் பெயரில் இசைத்தட்டுகளை இயக்கினார். ஒரே பாட்டின் இரு தட்டுகளை இரு கருவிகளில் சுழலவிட்டு, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை நீட்டிச் செல்வது அவர் கண்ட உத்தி. அத்தாளத்தின்மேல் எதுகை நயத்தோடு சொற்களை அடுக்கிச் சொல்லும் கலையே 'ராப்' ஆயிற்று. நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டும், கட்டடங்கள் தீக்கிரையாகியும் சீரழிந்திருந்த பகுதியிலிருந்து எழுந்த அக்கலைக்கு, 2018ஆம் ஆண்டு கென்ட்ரிக் லாமர் வாயிலாகப் புலிட்சர் பரிசும் கிட்டிற்று.

ஆயினும் அக்கலையைச் சுற்றி இரு வழக்குகள் நடந்து வருகின்றன. ஒன்று வீட்டிற்குள் நடப்பது. மற்றொன்று நீதிமன்றத்தில் நடப்பது.

வீட்டு வழக்கை முதலில் காண்போம். மார்ட்டின் லூதர் கிங்குடன் உரிமைப் போராட்டத்தில் நடந்த சி. டெலோரஸ் டக்கர் அம்மையார், பெண்களை இழிவுபடுத்தும் ராப் வரிகளை 1993 முதல் கடுமையாக எதிர்த்தார். இசைத்தட்டு விற்று இலாபம் ஈட்டிய டைம் வார்னர் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, 1995ஆம் ஆண்டுப் பங்குதாரர் கூட்டத்திலேயே எழுந்து கேள்வி கேட்டார். மற்றொரு கறுப்பினத் தலைவியான மாக்சின் வாட்டர்ஸ் அம்மையாரோ, சிக்கல் சொற்களில் இல்லை, அவ்விளைஞர் பாடும் வாழ்க்கை நிலையிலேயே உள்ளது என்று 1994இல் வாதிட்டார். இருவரும் தம் பிள்ளைகளின் நலம் கருதியே பேசினர் என்பதை நாம் மறத்தலாகாது.

நீதிமன்ற வழக்கு வேறு தன்மையது. நியூ ஜெர்சியில் கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞரின் குறிப்பேடுகளிலிருந்து 13 பக்க ராப் வரிகள் ஜூரர்கள் முன் படிக்கப்பட்டன. அவற்றுட் பல, குற்றம் நிகழ்வதற்கு ஆண்டுகள் பல முன்னரே எழுதப்பட்டவை. 2014ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் அது தவறென்று தீர்ப்பளித்தது. சுட்டதாகப் பாடிய பாப் மார்லி உண்மையிலேயே ஒருவரைச் சுட்டார் என எவரும் கொள்வதில்லையே என்றும் சுட்டிக்காட்டியது.

இந்த வேறுபாடு ஏன்? 1996இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு விடை தருகிறது. கேரி ஃபிரைட் என்பவர் பழைய நாட்டுப்பாடல் ஒன்றின் வரிகளை, ஒரு சாராரிடம் 'ராப்' என்றும், மற்றொரு சாராரிடம் வெள்ளையர் மிகுதியாகப் பாடும் 'கன்ட்ரி' என்றும் கூறிக் கொடுத்தார். வரிகள் ஒன்றே, ஆனால் 'ராப்' என்று கேட்டவர்களே அவற்றை ஆபத்தானவை என மிகுதியும் கருதினர். பாட்டு எடைபோடப்படவில்லை, பாடியவரின் இனமே எடைபோடப்பட்டது!

இதனை உணர்ந்த கலிபோர்னியா மாநிலம் 2022இல் சட்டம் இயற்றிற்று. பாடல் வரியைச் சான்றாக ஏற்குமுன், அதனால் இனக் காழ்ப்பு நுழையுமா என்பதை ஜூரர்கள் இல்லாத வேளையில் நீதிபதி ஆராய வேண்டும் என்கிறது அச்சட்டம். ஆனால் ஜார்ஜியா மாநிலத்தில், யங் தக் என்னும் பாடகரின் வழக்கில், 2023 நவம்பரில் பாடல் வரிகளுக்கு நிபந்தனையுடன் இடமளிக்கப்பட்டது. அவ்வழக்கு 2024இல் முடிவுற்றது.

தமிழ் கற்றோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டைத் தோழி கூற்றாகப் பாடினார். அதனால் கபிலரைத் தோழி என்போமா? பாட்டில் வரும் 'நான்' வேறு, பாடுபவர் வேறு. இந்தச் சிறு மரியாதையைத்தான் பிராங்ஸ் இளைஞனுக்கு நீதிமன்றங்கள் தர மறுத்தன.

இளைஞர்களே! 2018இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராப்பையும் இணைத்து மேடையேறியதை அறிவீர்கள். ஆதலின் இவ்வழக்கு நமக்கு அயலானதன்று. பாட்டில் பெண்ணை இழிவு செய்தால் டக்கர் அம்மையாரைப் போல் எழுந்து கேளுங்கள்; அது நம் கடமை. அதே பாட்டைக் காட்டி ஒருவனைக் குற்றவாளி என எவரேனும் சொன்னால், 'சான்று எங்கே?' என்றும் கேளுங்கள். அது நம் உரிமை. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவைத் தருவதே கல்வி. அத்தெளிவை ஒவ்வொரு பிள்ளையும் பெற வழிசெய்யும் இச்சங்கம் நீடு வாழ்க என வாழ்த்தி அமைகிறோம்.