தெரிந்தும் கதவைத் திறந்தார்கள்
(வானொலி மறையுரை – ஜூலை 14, புனித கமில்லஸ் திருநாள்)



நோயாளிகளுக்கும் செவிலியருக்கும் பாதுகாவலரான புனித கமில்லஸ் தெ லெல்லிஸின் திருநாள் இன்று. மருத்துவமனைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளை நினைத்து இன்று செபிக்கிறோம். கறுப்பு அங்கியும் மார்பில் சிவப்புச் சிலுவையுமாக அவருடைய படத்தைப் பார்த்திருப்போம். அந்தப் படம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. செவிலியரின் பாதுகாவலரான இவர், ஒரு மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்.

கமில்லஸ் 1550இல் இத்தாலியில் பிறந்தார். தந்தை படைவீரர், மகனும் படைவீரர். தந்தையின் சூதாட்டப் பழக்கமும் மகனுக்கு அப்படியே வந்தது. காலில் வந்த புண்ணுக்கு மருத்துவம் தேடி 1571இல் உரோமையில் புனித யாக்கோபு மருத்துவமனைக்குப் போனார். சிகிச்சை பெற்றுக்கொண்டே மற்ற நோயாளிகளுக்குப் பணிவிடையும் செய்தார். ஆனால் சூதையும் சண்டையையும் விட முடியவில்லை. வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். 1574இல் நேப்பிள்ஸ் நகரில் கையிலிருந்த எல்லாவற்றையும் சூதில் தோற்றார். மறு ஆண்டு மனம் திரும்பி, கப்புச்சின் சபையில் சேர்ந்தார். கால் புண் மீண்டும் திறந்துகொண்டதால் அங்கும் இருக்க முடியவில்லை. கடைசியில் அதே மருத்துவமனையின் கதவைத் தட்டினார். அவர் யார் என்று அங்கே இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கதவைத் திறந்தார்கள். பிற்பாடு அந்த மருத்துவமனையின் பொறுப்பையே அவரிடம் கொடுத்தார்கள்.

சில வாரங்களுக்கு முன் நம் வானொலிக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மற்றதைச் சொல்ல அனுமதித்திருக்கிறார். அவருடைய அக்காள் மகளுக்கு முப்பத்தொரு வயது. ஒரு அறுவை சிகிச்சைக்குப் பின் வலி மாத்திரைக்கு அடிமையானார். மருத்துவர் நிறுத்திய பிறகு போலி மருந்துச் சீட்டு எழுதி வாங்கப் போய்ப் பிடிபட்டார். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைக் காலம் கொடுத்தது, அதையும் முடித்துவிட்டார். மாத்திரையைத் தொட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். அங்கிருக்கும் வயதானவர்களைப் பார்த்துப் பார்த்து, செவிலியர் படிப்புப் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது.

கடிதத்தின் கேள்வி இதுதான்: “ஃபாதர், கேஸ் முடிந்துபோன விஷயம். விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடு என்கிறார் அத்தான். பங்கில் யாருக்கும் இது தெரியாது, தெரியவும் கூடாது என்கிறாள் அக்காள். பிள்ளை என்ன செய்யட்டும்?”

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கேள்வி கேட்கும் செவிலியர் வாரியத்தை நாம் பரிசேயர் என்று ஏச வேண்டாம். செவிலியரின் கையில்தான் மருந்து அலமாரியின் சாவி இருக்கிறது. வலியில் துடிக்கிற ஒருவருக்குப் போக வேண்டிய ஊசி மருந்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால், அந்த நோயாளி இரவெல்லாம் துடிப்பார், ஏன் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டிலில் கிடப்பது நம் தாயாக இருந்தால் நாமும் கேட்போம். ஆகவே கேட்பது நியாயம்.

அடுத்தது, அத்தானுக்கு. ‘இல்லை’ என்று எழுதுவது பாவம் என்பதோடு முடியவில்லை, அது பலிக்கவும் பலிக்காது. அங்கே விண்ணப்பிப்பவரின் கைரேகை எடுத்து மாநிலக் காவல்துறையும் எஃப்.பி.ஐ.யும் பழைய பதிவுகளைத் தேடுகின்றன. தண்டனை எழுதாமல் நன்னடத்தைக் காலத்தோடு முடித்துவைத்த வழக்கைக்கூட டெக்சாஸ் வாரியத்திடம் சொல்லியாக வேண்டும். பழைய குற்றம் ஒன்று, அதை மறைத்த புதிய பொய் ஒன்று என்று கணக்கு இரண்டாகிவிடும். நான்கு ஆண்டுகளாக அந்தப் பெண் உண்மை பேசப் பழகியிருக்கிறார். போதையிலிருந்து மீள்பவர்களுக்கு அதுதானே மூச்சு! அவரை மறுபடி பொய் எழுதச் சொல்வது வீட்டாராகவே அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

வழி இல்லாமல் இல்லை. சில கொடிய குற்றங்களுக்குக் கதவு அடைபடும். மற்றவற்றில் வாரியம் ஒவ்வொருவரின் கதையையும் தனித்தனியே பார்க்கிறது. டெக்சாஸில், செவிலியர் படிப்பில் சேர்ந்தவரோ சேரப்போகிறவரோ, “என் பழைய வழக்கை வைத்துக்கொண்டு எனக்கு உரிமம் கிடைக்குமா?” என்று முன்கூட்டியே மனுப்போட்டுக் கேட்கலாம். கல்லூரிக்குப் பெரிய பணம் கட்டுமுன் அதைச் செய்வது நல்லது. ஏனென்றால் உரிமத்துக்கு முன்பே, பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைகளும் மாணவர்களின் பின்னணியைப் பார்க்கின்றன. நீதிமன்றத் தாள்கள், சிகிச்சை பெற்றதற்கான சான்று, நடந்ததைத் தன் கைப்பட எழுதிய கடிதம் எல்லாம் வேண்டும். உரிமம் கிடைத்தாலும் நிபந்தனைகள் வரலாம்: எந்த நாளில் அழைத்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை, மேற்பார்வையில் வேலை, சில காலம் போதை தரும் மருந்துகளைக் கையாளத் தடை. கிடைக்காமலும் போகலாம். கிடைத்துவிடும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் கேட்பார்கள், நேயர்களே. அந்தப் பெண்ணை அறிந்தவர்கள் எழுதிய கடிதங்கள். இதில்தான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பங்கில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றால், யார் எழுதுவார்? “நல்ல பிள்ளை, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும்” என்று எழுதலாம். அதில் ஒன்றுமில்லை. இவர் விழுந்ததை நான் அறிவேன், எழுந்ததையும் பார்த்தேன் என்று எழுத ஒருவர் வேண்டும்.

திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மனம் மாறிய சவுல் எருசலேமுக்கு வருகிறார். சீடர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, பயப்படுகிறார்கள். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது உடன் நின்றவர் அல்லவா! அந்தப் பயத்தில் தப்பு இல்லை. அப்போது பர்னபா அவரை அழைத்துக்கொண்டு திருத்தூதர்களிடம் போய், வழியில் நடந்ததை எடுத்துச் சொல்கிறார். சவுலின் பழைய கணக்கை அவர் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது. முழுக்கதையையும் அறிந்தவராகப் பக்கத்தில் நின்றார். சவுல் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் பர்னபா எதைச் சொல்லியிருப்பார்?

அமெரிக்காவின் அக்ரன் நகரில் அருள்சகோதரி இக்னேஷியா இருந்தார். புனித தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பணி அவருடையது. குடிநோயாளி என்றால் மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம். 1939இல் ஒருவரை இரைப்பை அழற்சி என்று எழுதித்தான் உள்ளே சேர்க்க முடிந்தது. குணமாகிப் போகிறவர்களுக்குத் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதானால், அதற்குமுன் இதை என் கையில் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் துணியில் மந்திரம் ஏதும் இல்லை. போய்ப் பார்த்தாக வேண்டிய முகம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சகோதரிக்கு நாங்கள் எழுதிய பதில் சுருக்கமானது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அதற்குமுன், உங்கள் பங்கில் நம்பக்கூடிய இரண்டு பேரிடம், பங்குத்தந்தையும் ஒருவராக இருக்கட்டும், பிள்ளையே தன் வாயால் சொல்லட்டும். அக்காளுக்குக் கஷ்டமாக இருக்கும். அக்காளை யாரும் கோபிக்க வேண்டாம். நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் நாமும் முதலில் சன்னலைத்தான் சாத்துவோம். சாத்த வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றும்படி நாம் நடந்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி.

கமில்லஸின் கால் புண் சாகும்வரை ஆறவில்லை. அந்தக் காலோடுதான் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நடந்தார். 1614இல் இதே நாளில் இறந்தார்.

சென்ற வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. பிள்ளை பங்குத்தந்தையிடமும், முதியோர் இல்லத்தின் தலைமைச் செவிலியரிடமும் சொல்லிவிட்டாராம். இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனு வாரியத்துக்குப் போயிருக்கிறது, பதில் வர மாதங்கள் ஆகும். அக்காள் இன்னும் பேசவில்லையாம். தாய்க்காகவும் மகளுக்காகவும் இப்போது நாம் சேர்ந்து ஒருமுறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வோம்.