திராவகத்திற்குத் தண்ணீர்ப் புட்டி ஆகாது
(மணப்பட்டு கிராமத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நமது பாகூர்ப் பகுதியில் வீட்டுக்கு வீடு கழிவறை கட்டப்பட்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அதனோடு திராவகமும் வீட்டினுள் நுழைந்துவிட்டது. அதனால் முதியோருக்கு நேரும் ஆபத்தைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன்.

நாம் "ஆசிட்" என்று வாங்கும் கழிவறைத் திராவகம் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே. உதிரியாக வாங்கி, பழைய தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கிறோம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்கிறோம். அவ்வுயரம் பாட்டனாரின் கைக்கு எட்டுமே! இரவில் தாகத்தோடு எழும் முதியவருக்குக் கண்ணில் புரை இருக்கலாம்; மோப்பம் குறைந்திருக்கலாம்; மறதி நோயும் இருக்கலாம். புட்டியின் உருவத்தை நம்பிக் குடித்துவிடுகிறார். ஒரு மிடறே தொண்டையையும் இரைப்பையையும் புண்ணாக்கக்கூடும். உயிர் பிழைத்தாலும், சில வாரங்களில் உணவுக்குழாய் சுருங்கி, கஞ்சியும் இறங்காத நிலை வரலாம். காஸ்டிக் சோடாவும் இத்தகையதே.

அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்னும் மருத்துவரின் இடைவிடாத முயற்சியால், இத்தகைய பொருள்களின் மீது "விஷம்" என்று அச்சிட வேண்டுமென 1927-இல் சட்டம் வந்தது. நம் நாட்டில், வாங்குவோரின் விவரத்தைப் பதிவேட்டில் குறிக்காமல் கடைகளில் திராவகம் விற்கலாகாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் நாமே புட்டியை மாற்றிவிட்டால் எந்தச் சட்டம் காக்கும்?

இரட்டைக்குழிக் கழிவறைக்குத் திராவகம் தேவையே இல்லை. குழியில் மலத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். தூரிகையும் சிறிது சோப்பு நீரும் போதும். பிளீச்சிங் தூள், பினாயில் வழங்கும் பஞ்சாயத்துகள், குடிநீர்ப் புட்டியில் அவற்றை அளந்து கொடுத்தலாகாது. மூலப் புட்டியிலேயே வைத்துப் பூட்டி வைத்தல் வேண்டும்.

தவறி யாரேனும் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வெளியே வரும் திராவகம் தொண்டையை மீண்டும் சுடும். உப்பு நீர், புளிக் கரைசல், எலுமிச்சைச் சாறு எதுவும் புகட்ட வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் செய்து, நனைந்த உடையைக் களைந்து, உடனே 108-ஐ அழையுங்கள். குடித்த புட்டியையும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே தங்கிவிடலாகாது.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் கழிவறை மாடத்தையும் சமையலறை அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். குடிக்கும் புட்டியில் குடிக்கலாகாதது இருந்தால், இன்றே அதை அகற்றுங்கள். நம்மை வளர்த்த முதியோருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.