கணக்குக் கேட்கும் உரிமை



பட்டம் பெறும் இளைஞர்களே, இன்று நீங்கள் வாங்கும் சான்றிதழை வீட்டில் சட்டமிட்டு மாட்டுவார்கள். உங்களை வேலைக்கு எடுப்பவர்கள் அந்தச் சட்டத்தைப் பார்க்க வரப்போவதில்லை. ஏதோ ஒரு சர்வரில் இருக்கும் உங்கள் பதிவைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பதிவில் உங்கள் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் யாரிடம் போய்த் திருத்துவது? எத்தனை நாளில் திருத்தித் தர வேண்டும்? அதை இதுவரை யாரெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்? தரவுக் கொள்கை என்று பெரிதாகச் சொல்லப்படுவது இந்தக் கேள்விகளுக்கான பதில்தான். மக்களிடம் வாங்கிய தகவலை அரசும் நிறுவனங்களும் எப்படி வைத்திருக்கின்றன, யாருக்குக் கொடுக்கின்றன, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை முடிவு செய்யும் வேலை அது. கணினி படித்தவர்களோடு, வரலாறும் பொருளாதாரமும் தமிழும் படித்த உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினம் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வட்டாரத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கிராமங்களுக்குக் கம்பியில்லா இணைப்பு, மின்சாரம் நிற்கும் நேரத்துக்குச் சூரிய மின்கலம். நம் நகரங்களிலேயே இணையம் அரிதாக இருந்த காலம் அது. தொடங்குவதற்கு முன் மக்களிடம் போய், உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். மையம் அமையும் கட்டடத்துக்குள் ஊரில் உள்ள எல்லாச் சாதியினரும் வந்துபோக முடிய வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார்கள். பல மையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினத்து மக்கள் கேட்டது, கடல் எப்படி இருக்கும் என்பதை. வங்கக் கடலின் அலை உயர முன்கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் எல்லோரும் எடுக்கும்படி இருந்தது. யாரோ ஒரு வல்லரசு தன் கப்பல்களுக்காகக் கணித்த தரவு அது. மையத்தில் இருந்தவர்கள் அதை எடுத்துத் தமிழில் சொல்லி, கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுவிட்டுக் கட்டுமரத்தை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்தார். தரவுப் பகிர்வு பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன. இந்த ஒலிபெருக்கியைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

2004 டிசம்பர் 26. அதே பகுதியில் நல்லவாடு என்ற கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்ததும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். செய்தி கேட்டவர்கள் தகவல் மையத்துக்கு ஓடி, அங்கிருந்த ஒலிபெருக்கியில் கடலோரத்தை விட்டு வெளியேறும்படி ஊருக்கே அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின. உயிர்கள் பிழைத்தன. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. பின்னர் 2007-இல்தான் ஹைதராபாத்தில் இந்தியா தனக்கான மையத்தை அமைத்தது. நல்லவாட்டைக் காப்பாற்றியது ஒரு தொலைபேசி அழைப்பும், ஊர் மக்கள் தங்களுடையது என்று நம்பிய ஓர் ஒலிபெருக்கியும். அந்த நம்பிக்கை ஒரே காலையில் வந்ததல்ல. ஆறு ஆண்டுகளாக அலை உயரத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பகுதி அது.

உட்கட்டமைப்பு என்றால் கம்பியும் கோபுரமும் சர்வரும் மட்டும் இல்லை என்பதை இதைவிட வேறெப்படிச் சொல்வது? ஒலிபெருக்கியை யார் எடுத்துப் பேசலாம், யாருக்கு அது கேட்க வேண்டும் என்ற முடிவுகளும் அதில் அடக்கம். யுபிஐயும் அப்படித்தான். 2016-இல் அது வந்தபோது, எந்த வங்கியின் கணக்கிலிருந்தும் எந்தச் செயலி வழியாகவும் பணம் போக வேண்டும் என்று விதித்தார்கள். 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் அதற்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்றார்கள். இந்த இரண்டு முடிவுகளால்தான் பூக்காரம்மாவின் கூடை ஓரத்திலும் க்யூஆர் அட்டை இருக்கிறது. நிரல் எழுதியவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே திறமையை வைத்து, ஒரே நிறுவனத்துக்குள் பூட்டிய பணப்பையையும் செய்திருக்க முடியும்.

பதிவை யார் பார்க்கலாம் என்பதும் அப்படியொரு முடிவுதான். அதைக் காண இனி ராஜஸ்தானுக்குப் போவோம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே வறட்சி நிவாரண வேலைக்குப் போன கூலித் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீ அவ்வளவு வேலை செய்ததாகப் பதிவேட்டில் இல்லை என்பார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராம மக்களோடு சேர்ந்து அமைத்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அந்தப் பதிவேடுகளின் நகல்களை எடுத்து, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் ஊர் நடுவே உரக்க வாசித்தது. வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. பெயருக்கு உரியவரே எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அவர்கள் முழக்கம். அந்தக் கூலிகள் தொடங்கியதுதான் 2005-இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து சேர்ந்தது. தமிழ்நாடு 1997-லேயே இந்தியாவில் முதலாவதாக இப்படியொரு சட்டத்தை இயற்றியது என்பதை நாம் பெருமையாகச் சொல்லலாம். அதில் விலக்குகள் மிகுதி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோட் கிரானாவில் வாசிக்கப்பட்டவை தனிமனிதர்களின் பெயர்கள். இன்றைய மொழியில் சொன்னால், தனிப்பட்ட தரவு. இதை மனதில் வைத்துக்கொண்டு அண்மைக் கால நிகழ்வுகளைப் பாருங்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஆதார் வழக்கில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் தந்த 57-ஆம் பிரிவின் பகுதியை நீதிமன்றம் நீக்கியது. அதற்கும் அடுத்த ஆண்டு, 2019-இல், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளை மொத்தமாக விற்கக் கொள்கையே வெளியிட்டது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். இந்தத் தரவுத்தளங்களைத் திறந்துவிட்டதில் 65 கோடி ரூபாய் வந்ததாக அமைச்சர் மாநிலங்களவையில் தெரிவித்தார். ஆர்டிஓ அலுவலகத்தில் வரிசையில் நின்று உரிமம் வாங்கிய யாரும், என் விவரத்தை விற்றுக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போடவில்லை. எதிர்ப்பு எழுந்து 2020-இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. கொடுத்த தரவைத் திரும்ப வாங்க முடியுமா? முடியாது.

ஆகவே தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் தேவைதான். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை நமக்கு உண்டு. இவை நல்லவை, வரவேற்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் கை வைத்திருக்கிறது. முன்பு, பொது நடவடிக்கைக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டுமே மறுக்க முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) பிரிவு இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது. ஆனால் அந்தப் பொதுநலனைக் காட்டி வாதாடும் சுமை இனிக் கேட்பவர் தலையில்தான் விழும். கோட் கிரானாவில் உட்கார்ந்திருந்த கூலி அதை எப்படிச் சுமப்பார்? அரசு தன் அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துக்கொள்ள 17-ஆம் பிரிவில் வழி வைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், குடிமகன் மேலும் மேலும் வெளிச்சத்திலும் அலுவலகம் மேலும் மேலும் நிழலிலும் போவது தெரிகிறது. இது தவறு, திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தரவைத் திறந்து வைத்தாலே நியாயம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியபோது நாடே பாராட்டியது. 2007-இல் சாலமன் பெஞ்சமின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெங்களூரு வட்டாரத்தில் பார்த்தபோது, ஒரே இடத்தில் திரண்ட அந்த ஆவணங்களால் பெரிய நில நிறுவனங்களின் கை ஓங்கியிருந்தது. படித்துப் பயன்படுத்தும் வலிமை இருப்பவருக்கே திறந்த கதவு முதலில் உதவும். வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வைத்ததன் அருமை இங்கேதான் புரிகிறது.

உங்களில் பலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறீர்கள். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும். இப்போது தாயின் எழுத்தையும் சேர்க்கிறோம். ஆனால் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் என்கிறது. ஓரிடத்தில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகிறது, இன்னோரிடத்தில் ஊர்ப் பெயர் கடைசிப் பெயராகிறது, ஆங்கில எழுத்துக்கூட்டல் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. பிறகு ஆதாரும் வங்கிக் கணக்கும் பி.எஃப். பதிவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளி இ-சேவை மையத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைகிறார். கட்டடம் கட்டிக் கட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்று ரேஷன் கடை இயந்திரம் இன்னொருவரைத் திருப்பி அனுப்புகிறது. இவர்கள் தரப்பில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கட்டத்தை வரைந்தவர் இவர்களை நினைக்கவில்லை. சட்டமன்றத்தில் விவாதிக்கப்படாத ஒரு விதி, ஒரு படிவத்தின் கட்டாயக் கட்டமாக வந்து உட்கார்ந்து, லட்சக்கணக்கானவர்களின் கூலியையும் அரிசியையும் தீர்மானிக்கிறது. அதை வரையப் போகிறவர்கள் நீங்கள்.

உங்கள் பதிவை யாரெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று தொடக்கத்தில் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லும் நாடு உண்டு. சுமார் 14 லட்சம் பேர் வாழும் எஸ்தோனியா 2001-இல் எக்ஸ்-ரோடு என்ற தரவு இணைப்பை அமைத்தது. தன் பதிவை எந்த அரசு அலுவலகம் எப்போது எடுத்துப் பார்த்தது என்பதை அங்கே குடிமகன் இணையத்தில் பார்க்கலாம். காரணமின்றிப் பார்த்த அலுவலர் பதில் சொல்ல வேண்டும். நம்மிடமும் ஆதார் சரிபார்ப்பு வரலாற்றைப் பார்க்கும் வசதி உண்டு. ரேஷன், மருத்துவம், நிலம், காவல் என்று ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் இது வர வேண்டும். தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை ஏதும் இல்லை.

தரவு சேகரிப்பதே கூடாது என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப் போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே நின்றுபோனதால், அதற்குப் பின் கூடிய மக்களில் கோடிக்கணக்கானோருக்கு அந்தச் சட்டத்தின் கீழ் இடமில்லை. 2027 கணக்கெடுப்பில் சாதிவாரி விவரமும் எடுக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஏழைகள் எண்ணப்பட வேண்டும். எண்ணியதை என்ன செய்தோம் என்று அவர்களிடமே கணக்கும் ஒப்படைக்க வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். அரசுத் திட்டத்துக்குப் படிவமோ செயலியோ வடிவமைக்கும் வேலை கிடைத்தால், எழுதுவதற்கு முன் ஒரு நாள் ரேஷன் கடையிலோ இ-சேவை மையத்திலோ போய் உட்காருங்கள். அதிகாரியாகப் போகிறவர்கள், தகவல் அறியும் உரிமை மனு வந்தால் மறுக்க வழி தேடாமல் கொடுக்க வழி தேடுங்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. மத்திய அரசு ஒரு சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கொள்கை 2014 முதல் இருக்கிறது. அந்த நாட்களில் பெருநிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறார்கள். உங்கள் ஊரின் அனுபவத்தை அவர்கள் எழுத மாட்டார்கள். அடுத்த வரைவு வெளியாகும்போது நீங்கள் எழுதுங்கள். தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், பெற்றுக்கொண்டதற்குப் பதில் கேளுங்கள்.

பட்டம் பெறும் உங்கள் அனைவருக்கும் வாழ்த்துகள்.