வரியும் வாக்கும்

(எமது ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தம்மைக் கேளாமல் தம்மீது வரி விதிக்கலாமா? இக்கேள்வியே 1776-இல் பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்ற நாடுகளைப் பிரித்தானிய முடியாட்சியினின்று பிரித்தது. லண்டன் பாராளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் அங்கத்தவரும் இல்லை. முத்திரை வரியும் தேயிலை வரியும் மட்டும் கடல் கடந்து வந்தன.

நம் மாத்தளையிலும் இக்கேள்வி எழுந்தது. 1848-இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி அமைக்க ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும். இன்றேல் பணங் கட்ட வேண்டும். சட்டநிரூபண சபையிலோ குடியானவர் தெரிந்தெடுத்த ஒருவரும் இல்லை. ஜூலை 26-இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். சிங்களக் குடியானவர் மாத்தளைக்குத் திரண்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆகஸ்ட் 8-இல் புரான் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் 1850-இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார்.

அக்காலத்திலேதான் நம் முன்னோர் மாத்தளைப் பாதையில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தனர். வழியில் மாண்டோர் பலர். சரியாக நூறாண்டு கழித்து, 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர் வழிவந்தோரில் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் பறிபோயிற்று. அவர் உழைப்பில் விளைந்த தேயிலையில் அரசு வரி கொண்டது. அவரை மட்டும் கேளாது விட்டது. எஞ்சியோர்க்கு வழி திறக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம்.

இளைஞர்களே, வாக்கை அற்பமென எண்ண நமக்கு உரிமையில்லை. வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரைத் தேடுங்கள். வீட்டிலுள்ள பாட்டியின் பெயரையும் தேடுங்கள். இல்லையேல் பதியாமல் ஓயாதீர்கள்.