ஒட்டுத்துணியும் ஒருநாட் பொழுதும்

கொழும்பில் காலி வீதியின் இருமருங்கிலும், பம்பலப்பிட்டி தொடங்கி வெள்ளவத்தை வரை, புடைவைக் கடைகளும் தையற் கடைகளும் நிறைந்திருக்கின்றன. அங்கே நாள்தோறும் இரவிக்கைகளும் சட்டைகளும் வெட்டப்படுகின்றன. உடுப்புக்கு வேண்டிய அளவு போக, விரல் நீளமாகவும் முழ நீளமாகவும் எஞ்சுகின்ற துணி மேசைக்குக் கீழே விழுகின்றது. மாலையானதும் அதனைக் கூட்டி அள்ளிவிடுகின்றனர். பருத்தியை விளைவித்தவன் உழைப்பும், நூற்றவள் உழைப்பும், நெய்தவன் உழைப்பும், சாயந் தோய்த்தவன் உழைப்பும் அந்தக் குப்பையோடு சேர்ந்து போகின்றன.

நேயர்களே, இவ்வாறு எஞ்சிய துண்டுகளை இணைத்து விரிப்பாகவும் போர்வையாகவும் தைத்துக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உண்டு. வங்காளத்திலே பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா இருக்கின்றது. சிந்து நாட்டிலே ரல்லி இருக்கின்றது. ஆயினும், இன்றைய நகர வாழ்வில் இவ்வேலையைத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். அதற்குக் காரணம் சோம்பல் அன்று. காலையில் சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்து, பஸ்ஸில் நெரிபட்டு மாடிக் குடியிருப்புக்குத் திரும்பும் ஒரு பெண்ணுக்கு இரவிலே மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் ஐந்தாறு சதுரங்களை அளந்து வெட்டினால் பொழுது முடிந்துவிடும். ஆறு மாதத்தின் பின் அச்சதுரங்கள் அலுமாரியின் அடித்தட்டிலே ஒரு பையிற் கிடக்கும். ஆகையால், விரைவு என்பது இக்கலையில் வெறும் வசதியன்று. வேலை முடிவதும் முடியாததும் அதிலேயே தங்கியிருக்கின்றது.

விரைவாக ஒட்டித் தைக்கும் ஒரு மரபு இந்த இலங்கைத் தீவில் நெடுங்காலமாக நிலைபெற்று வருகின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பௌத்த பிக்குகள் அணியும் சீவரம் ஒரே துணியாலானதன்று. துண்டுகளாக வெட்டி மீண்டும் இணைக்கப்பட்டது. மகத நாட்டின் வயல்கள் வரப்புகளாற் பிரிக்கப்பட்டுப் பாத்தி பாத்தியாய்க் கிடந்த அழகைப் புத்தர் பெருமான் கண்டு, அவ்வமைப்பிலே ஆடை செய்யலாகுமோ என்று ஆனந்தரை வினவினார் என்றும், ஆனந்தர் அவ்வாறே அமைத்துக் காட்டினார் என்றும் விநய பிடகம் கூறுகின்றது. நெடுக்கான பட்டிகள் ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையாக வரும். அவற்றுக்கிடையே வரப்புப் போன்ற ஒடுங்கிய பட்டிகள் ஓடும். வெட்டுண்ட துணியைக் கள்வரும் விரும்பார் என்பது இவ்விதிக்குக் கூறப்படும் காரணங்களில் ஒன்று.

மழைக்கால உறைவு முடிந்த பின் வரும் மாதத்திலே வழங்கப்படும் கட்டின சீவரத்துக்கு மற்றுமொரு விதி உண்டு. துணியை அளந்து, வெட்டி, தைத்து, சாயந் தோய்த்து முடிக்கும் வேலை யாவும் அடுத்த விடியலுக்கு முன் நிறைவேற வேண்டும். பலர் கூடினாலன்றி இது நடவாது. வேலையின் ஒழுங்கு முன்னரே வகுக்கப்பட்டிராவிட்டாற் பலர் கூடியும் நடவாது. பம்பலப்பிட்டியில் பெலேனே வஜிரஞான தேரரால் நிறுவப்பட்ட வஜிராராமய விகாரையின் வழியே செல்வோர், அங்குள்ள பிக்குகளின் ஆடையை உற்று நோக்கினால் அந்த வயல் வரப்புகளைக் காணலாம்.

இனி, கடல் கடந்த ஒரு நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில் செமினோல் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தோலும் பறவை இறகும் விற்று வாழ்ந்த அம்மக்களின் வாணிபம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நலிந்தது. அக்காலத்திற்குள் கையாற் சுழற்றும் தையற்பொறி அவர்களுடைய குடிசைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பெண்கள் புதியதொரு வழியைக் கண்டனர். பல நிறத் துணிகளை நீண்ட பட்டிகளாகக் கிழித்து, பொறியில் ஓட்டி இணைத்து, அவ்விணைப்பைக் குறுக்கே துண்டு போட்டு, துண்டுகளைச் சற்றே இடம் மாற்றி மீண்டும் தைத்தனர். மின்னலும் படிக்கட்டும் வைரமும் போன்ற கோலங்கள் பிறந்தன. 1928இல் தம்பாவையும் மியாமியையும் இணைக்கும் நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின், வழிப்போக்கருக்கு இத்தகைய ஆடைகளை விற்பது அக்குடும்பங்களுக்கு ஒரு வருவாய் ஆயிற்று.

அதே நாட்டில் 1970களில் ஒட்டுத்துணி வேலைக்கு ஒரு மறுமலர்ச்சி உண்டானது. பார்பரா ஜொஹானா என்பார் 1976இல் வெளியிட்ட நூலும், எலினோர் பேர்ன்ஸ் என்பார் 1978இல் வெளியிட்ட நூலும் பட்டி முறையை வீடுதோறும் கொண்டு சென்றன. பின்னவரது நூலின் தலைப்பே ஒரே நாளில் ஒரு போர்வை செய்வதைப் பற்றியது. 1979இல் ஜப்பானின் ஒல்பா நிறுவனம் சிறு சக்கரம் போன்று உருண்டு வெட்டும் கத்தியை அறிமுகஞ் செய்தது. பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் நேராக வெட்ட அது உதவிற்று.

முறை எளியது. இரு நிறத் துணிகளை எடுத்துக்கொள்க. ஒன்றை வெள்ளை என்போம், மற்றதைச் சிவப்பு என்போம். ஒவ்வொன்றிலும் இரண்டரை அங்குல அகலமும் நாற்பது அங்குல நீளமும் உள்ள ஒரு பட்டி வெட்டுக. இரண்டையும் நீளவாட்டில், கால் அங்குல ஓரம் விட்டுத் தைத்தால் நாலரை அங்குல அகலமான இருநிறப் பட்டி கிடைக்கும். இதனைக் குறுக்கே இரண்டரை அங்குலத்திற்கு ஒன்றாக வெட்டினால் பதினாறு துண்டுகள் வரும். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைத்து இணைத்தால், சதுரங்கப் பலகை போன்ற நாற்கட்டம் ஒன்று அமையும். அவ்வாறு எட்டுக் கட்டங்கள் கிடைக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அதே எட்டுக் கட்டங்களைத் தனித்தனிச் சதுரங்களாற் செய்திருந்தால் முப்பத்திரண்டு சதுரங்கள் வெட்டி இருபத்துநான்கு தையல்கள் போட வேண்டும். பட்டி முறையிலோ, ஒரு நெடுந்தையலும் எட்டுக் குறுந்தையலும், ஆக ஒன்பதே போதும்.

ஒன்பது கட்டத்தில் இலாபம் இன்னும் பெரிது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டிகளை இணைத்தது இரண்டு. வெள்ளை, சிவப்பு, வெள்ளை என இணைத்தது ஒன்று. சிவப்பிலே ஐந்து பட்டி, வெள்ளையிலே நான்கு பட்டி போதும். மூன்று இணைப்புகளையும் முன்போலக் குறுக்கே வெட்டினால் நாற்பத்தெட்டுத் துண்டுகள் கிடைக்கும். மூன்று மூன்றாய் இணைக்கப் பதினாறு ஒன்பது கட்டங்கள் அமையும். தனித்தனியே தைத்தால் 128 தையல், இம்முறையில் 38. தைத்து முடிந்த கட்டம் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். நான்குக்கு நான்காக இணைத்தால் இரண்டடிச் சதுரமாக, பச்சைக் குழந்தைக்கு ஏற்ற ஒரு விரிப்பு உருவாகும்.

விரைவு வேறு, பதற்றம் வேறு. பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்துதல் வேண்டும்; சுருங்குவது முன்னரே சுருங்கிவிடும், சாயம் இளகுவதும் தெரிந்துவிடும். தைத்த ஓரத்தை இருண்ட நிறத்தின் பக்கமாக மடித்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்துதல் வேண்டும்; அப்போது அடுத்த துண்டின் ஓரம் எதிர்ப்பக்கம் மடிந்து, மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். கால் அங்குல அளவு எங்கும் மாறாதிருத்தல் வேண்டும். ஒரு தையலில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு பிசகினாற் கண்ணுக்குத் தெரியாது; பன்னிரண்டு தையலில் அது முக்கால் அங்குலமாகும், விரிப்பின் கரை கோணிவிடும். நெடுந்தையல் பிழைத்தால் அதிலிருந்து வெட்டிய அத்தனை துண்டும் பிழைக்கும். ஆகவே முதற்பட்டியில் நிதானமும் பின்னர் வேகமும் தகும்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நீண்ட பட்டி வேண்டுமாகையால், தையற் கடையின் மிகச் சிறிய துண்டுகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு வடகன்னடத்திலே வாழும் சித்தி மக்களின் கவந்தி வழிகாட்டும். ஆபிரிக்க வழிவந்த அம்மக்களின் பெண்கள், கிடைத்த வடிவிலேயே துண்டுகளை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வைத்து, ஓட்டத் தையலாற் பொருத்திச் செல்கின்றனர். அங்கே அளவுகோலில்லை, பொறுமை மட்டுமே உண்டு. பட்டி முறைக்கு உகந்தவை பழைய பருத்திச் சேலைகள். ஒரு சேலையின் நீளத்தில் எத்தனையோ பட்டிகள் அடங்கும். உடுத்து நைந்த நடுப்பகுதியை விலக்கி, உறுதியான பகுதியைத் தேர்ந்து, நூலோட்டத்தின் வழியே கிழித்தால் கத்தரிக்கோலும் வேண்டாம்.

ஒரு வீட்டிலே தாயார் மறைந்தபின் அவருடைய சேலைகள் பெட்டிக்குள் மடித்து வைக்கப்படுகின்றன. உடுத்தவும் மனம் வராது, கொடுக்கவும் மனம் வராது. சில ஆண்டுகளிற் பூச்சி அரித்துவிடும். அந்தச் சேலையின் பட்டிகள் பேரப்பிள்ளையின் விரிப்பாகுமாயின், பாட்டியை அறியாத பிள்ளை அவருடைய சேலையின் மேல் உறங்கும். அதனைச் செய்து முடிக்க ஒரு தாய்க்கு ஆறு மாதம் வேண்டியிருந்தால் பெரும்பாலும் அது நிறைவேறாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதுமென்றால் நிறைவேறும். முதல் ஞாயிறு நனைத்து உலர்த்திப் பட்டி கிழிக்க. அடுத்த ஞாயிறு தைக்க. ஒழுங்கை முன்னரே வகுத்துக்கொண்டவர்களுக்கு, சீவரம் தைத்தவர்களுக்குப் போதுமாயிருந்ததைப் போல, ஒரு நாளின் பொழுது போதுமானதாகவே இருக்கும்.